பெரிய மாப்பிள்ளைக்கும் அதே சட்டை

மூத்த மாப்பிள்ளைக்கு என்ன துணி எடுக்கிறாரோ, அதையேதான் இளைய மாப்பிள்ளைக்கும் எடுப்பார் என் மாமியார். நிறம் மாறாது, கோடோ கட்டமோ மாறாது, கடையும் மாறாது. மாறுவது அளவு ஒன்றுதான். அவர் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பிள்ளைக்கு ஒரு மாதிரியும் இன்னொரு பிள்ளைக்கு வேறு மாதிரியும் நடந்தால் வகுப்பே கெட்டுவிடும் என்பார். மாமனார் இறந்த பிறகும் இந்த வழக்கத்தை அவர் விடவில்லை. கிறிஸ்துமஸ் நெருங்கினால் இரும்புலியூரிலிருந்து குடையும் கைப்பையுமாகத் தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

சர்ச் வாசல் படியில் எடுத்த போட்டோக்களில் வருடா வருடம் நானும் என் சகலையும் ஒரே சட்டையில் நிற்கிறோம். ஒரு வருடம் பச்சைக் கட்டம், ஒரு வருடம் நாவற்பழக் கலர். "பேண்டு செட்டு ஆளுங்க மாதிரி இருக்கீங்க ரெண்டு பேரும்" என்று என் மனைவி கேலி செய்வாள். நானும் சிரித்து வைப்பேன். ஆனால் அந்த ஒரே சட்டை எனக்கு எவ்வளவு தேவையாக இருந்தது என்று அவளிடம் சொன்னதில்லை.

நான் பத்தாவதோடு நின்றவன். சேலையூரில் ஒரு பெயிண்ட் கடையில் சின்ன வயதில் சேர்ந்தேன், இன்னும் அங்கேயேதான் இருக்கிறேன். நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் எனக்குப் பேச்சு வராது. என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கையைக் கட்டியவர், என்னைவிடப் பல வயது இளையவர், பி.காம். படித்தவர், சர்ச்சில் பாட்டுக் குழுவில் பாடுகிறவர். மாமியார் வீட்டுக்குள் அவர் நுழைந்தால் பேச்சுச் சத்தம் கூடும். நான் நுழைந்தால் டி.வி. சத்தத்தைக் குறைப்பார்கள், அவ்வளவுதான். அந்த வீட்டில் எங்கள் இரண்டு பேரையும் ஒரே தட்டில் வைத்தது மாமியார் எடுத்துத் தந்த சட்டை மட்டும்தான்.

போன வருடம், மழைக்காலத்துக்குச் சில மாதம் முன்னால், சகலைக்கு வேலை கிடைத்தது. வீட்டுக் கடன் கொடுக்கிற ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி, ஜி.எஸ்.டி. சாலையில் கிளை. அதுவரை கூரியர் ஆபீசில் ஜீன்ஸும் டி-ஷர்ட்டுமாக இருந்தவர். இங்கே அப்படி முடியாது, முழுக்கைச் சட்டை, வெளிர் நிறம், கட்டம் கூடாது, இன் பண்ண வேண்டும் என்று அவருடைய போனுக்கு விதிமுறை வந்திருந்தது. அதைக் குடும்பத்து வாட்ஸ்அப்பில் எல்லோரும் பார்க்கும்படி போட்டிருந்தார். மாமியார் அன்றைக்கே என் மனைவியைக் கூப்பிட்டு, சின்ன மாப்பிள்ளைக்கு வேலைச் சட்டை தன் செலவு என்றார். அடுத்த பேச்சிலேயே, "பெரிய மாப்பிள்ளைக்கும் சேர்த்துத்தான். அவரையும் கூட்டிட்டு வா" என்றார்.

வேண்டாம் என்று சொல்லத்தான் முதலில் தோன்றியது. எனக்கு எதற்கு ஃபார்மல் சட்டை? பெயிண்ட் கம்பெனிக்காரர்கள் வருடா வருடம் இலவசமாகத் தருகிற டி-ஷர்ட்தான் எனக்கு வேலைத் துணி. என் நகக் கண்ணில் எந்நேரமும் ஏதாவது ஒரு கலர் இருக்கும். ஆனால் ஒரு தடவை வேண்டாம் என்றால், அப்புறம் அவருக்கு ஒன்று எனக்கு வேறொன்று என்று ஆகிவிடும். அதுதான் எனக்குப் பயம். சனிக்கிழமை கடையில் அரை நாள் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன்.

தாம்பரத்தில் பெரிய ஜவுளிக் கடை. மாடியில் ஆண்கள் பகுதி. மாமியார், என் மனைவி, சகலை, நான். கொழுந்தியாள் கைக்குழந்தைக்காக வீட்டில் இருந்துவிட்டாள். ஃபார்மல் சட்டை என்று கேட்டதும் சேல்ஸ்மேன் நேராக என்னிடம்தான் வந்தார். வயதில் மூத்தவன் நான்தானே. "வாங்க சார், உக்காருங்க சார். பேங்க்கா, இன்சூரன்ஸா?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. கூச்சம் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். உண்மையில், அந்த ஒரு நிமிஷம் அப்படியே இருக்கட்டும் என்று இருந்தது.

மாமியார் வகுப்பில் பேசுவதுபோல் தெளிவாகச் சொன்னார்: "இவர் பெயிண்ட் கடையில இருக்கார். ஃபைனான்ஸ் வேலை சின்னவருக்கு. ஆனா சட்டை ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி வேணும்."

சேல்ஸ்மேன் என்னையும் சகலையையும் மாறி மாறிப் பார்த்தார். "பெயிண்ட் கடைக்கு ஃபார்மலா? பண்ணிடலாம்மா" என்று சொல்லிவிட்டு நாற்காலியைச் சகலை பக்கம் தள்ளினார். நான் நின்றுகொண்டேன்.

சகலை அதிகம் புரட்டிப் பார்க்கவில்லை. வெளிர் நீலத்தில் மயிரிழை போல வெள்ளைக் கோடு போட்ட ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு டிரையல் ரூமுக்குள் போனார். வெளியே வந்தபோது நான் தோளைத்தான் முதலில் பார்த்தேன். தோளில் தையல் சரியாகத் தோள் முனையில் உட்கார்ந்திருந்தது. கை மணிக்கட்டோடு நின்றது. கூரியர் ஆபீசில் பார்சல் தூக்கியவர் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். என் மனைவி, "தம்பிக்கு எவ்ளோ எடுப்பா இருக்கு பாருங்க" என்று என் முழங்கையைத் தொட்டுச் சொன்னாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எந்தச் சட்டைக்கும் அவள் என்னை அப்படிச் சொன்னது கிடையாது.

"நல்லாருக்கு. பெரியவருக்கும் இதுலயே எடுங்க" என்றார் மாமியார்.

சேல்ஸ்மேன் என் வயிற்றைப் பார்த்தார். இது ஸ்லிம் ஃபிட், பெரிய அளவு இதில் வருவதே இல்லை, வேண்டுமானால் அண்ணனுக்கு வேறு ரகத்தில் காட்டுகிறேன் என்றார். சற்று முன்பு சாராக இருந்தவன் அண்ணனாகிவிட்டேன்.

"அப்ப இது வேணாம். ரெண்டு பேருக்கும் இருக்கறதைக் காட்டுங்க" என்றார் மாமியார்.

சகலை மறுபேச்சில்லாமல் உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். அடுத்து ஒரு வெள்ளை, லேசாக மினுமினுக்கிற துணி. அதிலும் என் அளவு இல்லை. அடுத்து ரொம்ப லேசான ரோஸ். அதில் என் அளவு இருந்தது, போட்டுப் பார்த்தால் மூன்றாவது பொத்தானும் நான்காவது பொத்தானும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நின்றன. ஒவ்வொரு சட்டையாக மடிந்து மேஜையின் மறுபக்கம் போய்க்கொண்டே இருந்தது. அவருக்குப் பொருந்துகிற சட்டை எல்லாம் எனக்குப் பொருந்தாததால் அவருக்கும் கிடைக்காமல் போனது. அந்த வழக்கத்துக்கு இப்படி ஒரு பலம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நான் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. மேலே ஏ.சி.யைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றால் போதும். நின்றேன்.

"அண்ணா, உங்களுக்கு எது செட் ஆகுதோ அதையே எடுங்க. எனக்கு எதுன்னாலும் ஓகே" என்றார் சகலை. முகத்தில் சலிப்பே இல்லை. அவர் முகத்தைச் சுளித்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

கடைசியில் இரண்டு அளவும் இருந்த ஒரு சட்டை அடுக்கின் அடியிலிருந்து வந்தது. சாம்பலும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல் ஒரு நிறம். எங்கள் கடை ஷேட் கார்டில் இதற்கு ஸ்டைலாக ஒரு பெயர் இருக்கும். மேஸ்திரிகள் சிமெண்ட் கலர் என்றுதான் கேட்பார்கள். காம்பவுண்டு சுவருக்கு அடிப்பார்கள். ஆளுக்கு இரண்டு எடுத்தார் மாமியார். ஒன்று சிமெண்ட் கலர், இன்னொன்று அதையே கொஞ்சம் வெளுக்க வைத்தது போல. பில் போடும் இடத்தில் சகலை ஒரு தடவை திரும்பி, அந்த நீலச் சட்டை மடங்கிக் கிடந்த மேஜையைப் பார்த்தார். நான் அதைப் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

திரும்பும்போது பைக்கில் என் மனைவி கேம்ப் ரோடு சிக்னலில் காதருகே வந்து, "அவருக்கு மட்டும் அந்த நீலத்தை எடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

"உங்கம்மா கேக்க மாட்டாங்க."

"நீங்க சொன்னா கேப்பாங்க. நீங்கதான பெரிய மாப்பிள்ளை."

பெரிய மாப்பிள்ளை என்பதை அவள் சொன்ன விதம் வீடு வந்து சேர்ந்த பிறகும் காதில் இருந்தது.

திங்கட்கிழமை காலை, சிமெண்ட் சட்டையை இன் பண்ணி, கறுப்பு ஷூ போட்டு, மேடவாக்கத்தில் அவர் குடியிருக்கும் ஃபிளாட் வாசலில், தண்ணி லாரிக்குப் பக்கத்தில் நின்றபடி சகலை எடுத்த போட்டோ வாட்ஸ்அப்பில் வந்தது. மாமியார் ஒரு வேத வசனம் அனுப்பி ஆசீர்வாதம் செய்திருந்தார். நான் கடையில் டின் அடுக்கிக்கொண்டிருந்தவன், விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தச் சட்டையிலும் அவர் நன்றாகத்தான் இருந்தார். என்னால் அதைப் பொறுக்க முடியவில்லை. கட்டை விரலை அனுப்பிவிட்டு போனைப் பைக்குள் போட்டேன்.

அதற்குப் பிறகு மாமியார் வீட்டில் காற்று மாறியது. வெள்ளிக்கிழமை தோறும் சகலை வேலை முடிந்து இரும்புலியூருக்கு வந்து மாமியாரைப் பார்த்துவிட்டுப் போவார். பக்கத்து வீட்டுக்காரர்கள் கடன் சந்தேகம் கேட்க அன்றைக்கு வந்து உட்கார்ந்திருப்பார்கள். சர்ச்சில் யாராவது புதிதாக வந்தால் மாமியார் எங்களை அறிமுகப்படுத்துவார். "இவர் எங்க சின்ன மாப்பிள்ளை, ஃபைனான்ஸ் கம்பெனில இருக்கார். இவர் பெரிய மாப்பிள்ளை." எனக்கு அதோடு முடிந்துவிடும்.

என்னுடைய இரண்டு சட்டைகளும் பீரோவில், குண்டூசி கூடக் கழற்றாமல் கிடந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவி வீட்டில் இல்லாதபோது சிமெண்ட் சட்டையை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். முழுக்கைச் சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டே பழகியவன், அன்றைக்கு மணிக்கட்டுப் பொத்தானையும் போட்டேன். கல்யாணத்துக்குத் தைத்த பேண்ட் இடுப்பில் ஏறவில்லை, வேறொன்றைத் தேடி எடுத்து இன் பண்ணினேன். பீரோ கண்ணாடி முன்னால் நின்று, உட்காருங்க என்று கையைக் காட்டினேன். யாருக்கோ கடன் கொடுக்கிறவன் போல. கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மனைவி வாசலில் நின்று தலையிலிருந்து கால் வரை பார்த்தாள்.

"பொத்தான் சரியா இருக்கான்னு பார்த்தேன்" என்றேன்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். உள்ளே அவள் சிரித்தாளா என்று இன்றுவரை தெரியாது.

மழைக்காலம் வந்தது. ஒரு நாள் மத்தியானம் ரோடே தெரியாத அளவுக்கு ஊற்றிக்கொண்டிருந்தபோது எங்கள் கடை வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. மழைக் கோட்டோடு இறங்கி ஓடி வந்தவர் சகலை. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டைப் பார்க்க வந்தாராம், கடன் கேட்டவர்களின் வீட்டை நேரில் பார்த்து எழுத வேண்டுமாம். மழை விடும்வரை நிற்கிறேன் என்றார்.

ஸ்டூல் போட்டேன். மழைக் கோட்டைக் கழற்றி மாட்டுங்க என்றேன். "பரவால்லண்ணா, இப்ப கிளம்பிடுவேன்" என்றார். மழை விடுகிற மாதிரி இல்லை. நெற்றியில் வியர்வை வழிய, கோட்டைக் கழுத்து வரை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். அதையும் கோட்டோடு குடித்தார். எனக்கு எதுவும் தோன்றவில்லை.

எங்கள் முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். கல்லாவிலிருந்து அவர் எட்டிப் பார்த்து, "தம்பி, அந்தக் கோட்டைக் கழட்டி வெளிய மாட்டுப்பா. தண்ணி சொட்டிக்கினே கீது. பட்டி மூட்டைல எறங்குனா பேஜாரு" என்றார். சுவருக்குப் பூசும் பட்டி மாவு, ஈரம் பட்டால் கல்லாகிவிடும். மறுக்க வழியில்லாமல் சகலை எழுந்து கோட்டைக் கழற்றினார்.

உள்ளே அந்த நீலச் சட்டை. வெளிர் நீலம், மயிரிழை வெள்ளைக் கோடு.

நான் சட்டையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பாய் கணக்கில் குனிந்துவிட்டார்.

"அண்ணா, அத்தைகிட்ட சொல்லாதீங்க" என்றார் மெதுவாக.

நான் கேட்காமலே அவர் சொல்லிவிட்டார். முதல் நாள் கிளையில், வாசலை ஒட்டி நின்றுகொண்டிருந்தாராம். பைக்கில் வந்த ஒருவர் வண்டியை எங்கே நிறுத்துவது என்று அவரைக் கேட்டிருக்கிறார். இவர் இடத்தைக் காட்டினார். அடுத்து காரில் வந்தவர் சாவியையே இவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தக் கிளையின் செக்யூரிட்டிக்குக் கொடுத்திருந்த யூனிபார்ம் சட்டை அதே சிமெண்ட் கலர். தோளில் பட்டை மட்டும்தான் வித்தியாசம். "செக்யூரிட்டி அண்ணனே சிரிச்சிட்டார்ணா. 'சார், எனக்கு லீவு வேணும்னா உங்களை நிக்க வெச்சிட்டுப் போலாம் போலக்கீதே'ன்னார்." இரண்டாவது சட்டையைப் போட்டுக்கொண்டு போன அன்றைக்கும் அதே கதை. மேனேஜர் கூப்பிட்டு, வேறு கலர் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாராம்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரிக்க முயன்றேன். ஏ.சி.யைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தச் சனிக்கிழமை ஞாபகம் வந்தது. சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் அந்தச் சிமெண்ட் சட்டையைப் பையில் எடுத்துப் போய், கிளம்பும்போது ஆபீஸ் பாத்ரூமில் மாற்றிக்கொண்டுதான் இரும்புலியூருக்குப் போகிறாராம். "அத்தை ஆசையா எடுத்துக் குடுத்தது. தெரிஞ்சா கஷ்டப்படுவாங்க. உங்களுக்கும்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். அப்புறம், "இதை வாங்கப் போனப்ப உங்க சைஸும் கேட்டேண்ணா. இதுல வரவே வராதுன்னுட்டாங்க" என்றார்.

'உங்களுக்கும்' என்பதற்குப் பிறகு என்ன என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அன்றைக்கு மேஜை முன்னால் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் எதுன்னாலும் ஓகே என்றிருக்கிறார். மழை விட்டதும் கோட்டை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவர் பைக் திருப்பம் தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். சட்டை அவருக்கு எவ்வளவு பொருத்தம் என்பதுதான் அப்போதும் முதலில் மனசில் வந்தது. அதற்குப் பின்னால், அதைவிட மோசமாக ஒன்று வந்தது. வாரா வாரம் ஒரு மனுஷன் என் மனசு கோணக் கூடாது என்று பாத்ரூமில் நின்று சட்டை மாற்றுகிறான். என்னை ஒருவர் ஜெயிப்பதைக்கூடத் தாங்கிக்கொள்வேன் போலிருக்கிறது, எனக்காக ஒருவர் இரக்கப்படுவதை என்னால் தாங்க முடியவில்லை.

டிசம்பர் பிறந்ததும் மாமியார் போன் செய்தார். மனைவி ஸ்பீக்கரில் போட்டாள். இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேராகக் கடைக்குப் போய்விடலாம், இரண்டு மாப்பிள்ளைகளும் வந்துவிடுங்கள் என்றார். வழக்கமாக நான் ம் என்பேன், பேச்சு முடிந்துவிடும்.

"அத்தை" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "தம்பிக்குத் தனியா எடுங்க. ஆபீசுக்குப் போறவரு, அவருக்கு எது நல்லாருக்கோ அதை எடுக்கட்டும். எனக்கு வேற எடுங்க. ஒரே மாதிரி வேணாம்."

மனைவி கையில் பூண்டோடு அப்படியே நின்றுவிட்டாள். மாமியார் கொஞ்சம் யோசிப்பார், அதெப்படி மாப்பிள்ளை, எனக்கு ரெண்டு பேரும் ரெண்டு கண்ணு இல்லையா என்பார், நான் மறுபடி சொல்வேன் என்றெல்லாம் நினைத்து வைத்திருந்தேன். அவர் யோசிக்கவே இல்லை.

"சரி மாப்பிள்ளை. நானே எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன்" என்றார். உடனே சின்ன மகளைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

மனைவி பூண்டை உரிக்க ஆரம்பித்தாள். உரித்தபடியே, "நல்ல காரியம் பண்ணீங்க" என்றாள். எத்தனை மாதமாகவோ, எத்தனை வருடமாகவோ, மாமியார் இதற்குக் காத்திருந்திருக்கிறார் என்பதை அந்த ஒரு சரி சொல்லிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கடையில் ஸ்டாக் இறங்குகிறது என்று சொல்லி நான் போகவில்லை. மறுநாள் அந்தச் சிமெண்ட் சட்டையைப் பீரோவிலிருந்து எடுத்து, கையை முழங்கை வரை மடித்துவிட்டு, பெயிண்ட் கடைக்கே போட்டுக்கொண்டு போனேன். இப்போதும் மாற்றி மாற்றி அந்த இரண்டையும்தான் போடுகிறேன். பெயிண்ட் பட்டாலும் அவ்வளவாகத் தெரிவதில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மனைவி இரும்புலியூர் போய் என் பங்கை வாங்கி வந்தாள். அரக்குக் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை. கழுத்தில் இறுக்கம் இல்லை, வயிற்றில் இழுக்கவில்லை, துணியும் மெத்தென்று இருந்தது. பல வருடத்தில் எனக்கென்று பார்த்து எடுத்த சட்டை அதுதான். பிடித்திருக்கிறது என்று அவளிடம் சொன்னேன்.

அவள் அதை வாங்கி மேஜையில் விரித்து இஸ்திரிப் பெட்டியைச் செருகினாள். "இந்த வருஷத்தோட பேண்டு செட்டு கலைஞ்சுது" என்றாள். நான் பக்கத்தில் நின்று பெட்டி சூடாவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவருக்கு என்ன எடுத்தாங்க?" என்றேன்.

அவள் நிமிராமலே சொன்னாள். "கேக்காம இருப்பீங்களான்னு பார்த்தேன்."

"சும்மா கேட்டேன்."

"வெள்ளை."

"முழுக்கையா?"

அவள் காலரைத் திருப்பிப் போட்டு ஒரு இழுப்பு இழுத்தாள். முழுக்கைதான் என்றாள்.